தகடூரில் விருந்துண்ண

தருமபுரிக்கு வரும் நண்பர்கள் எங்கே உண்ணலாம் என்று எங்களைக் கேட்பதுண்டு. பேருந்து நிலையத்தருகே உள்ள உணவகமொன்றைக் காட்டிவிட்டு நகர எங்களுக்கு மனம் வருவதில்லை. இது அதியமானின் தகடூர் அல்லவா!

புறநானூற்றின் 101ஆம் பாடலில், பலரோடு பலநாள் சென்றாலும் அதியமான் நெடுமான் அஞ்சி முதல்நாள் போலவே விரும்பி வரவேற்றான் என்கிறார் ஔவையார். வெறும் புகழ்ச்சி என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 206ஆம் பாடலில், பரிசில் தாமதித்ததும் அவரே வாயிற்காவலனிடம் சீறுகிறார். எத்திசை போனாலும் தமக்குச் சோறு உண்டு என்று புறப்படுகிறார். விருந்தாளியின் சினத்தையும் மறைக்காமல் தொகுத்து வைத்திருப்பதாலேயே அந்தப் புகழ்ச்சியை நாங்கள் நம்புகிறோம். அஞ்சி கற்பனையல்லன் என்பதற்கு, 1981இல் திருக்கோவிலூர் அருகே கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு சான்று.

அவன் பந்தியில் என்ன இருந்தது? அவன் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறம் 235) கள்ளும் சோறும் எலும்போடு கூடிய இறைச்சியும் வருகின்றன. சிறிதளவே கள் கிடைத்தால் அதைப் பாணர்க்கே தந்துவிடுவானாம்.

இன்று எங்கள் பரிந்துரை இரண்டே. முதலாவது கேழ்வரகுக் களி. ஆனால் அதற்கு எவர் வீட்டுக்காவது விருந்தாகப் போகவேண்டும். மற்றது ஒகேனக்கல். மீனை நாமே வாங்கி, அங்குச் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டு அருவியில் குளித்துத் திரும்பினால் குழம்பும் வறுவலும் ஆயத்தமாக இருக்கும். உண்டபின் கையில் நெடுநேரம் மீன்வாடை நிற்கும். புலால் நாறிய தம் தலையை நரந்தம் மணக்கும் கையால் அஞ்சி தடவியதையும் அதே கையறுநிலையில்தான் ஔவையார் நினைத்து அழுகிறார்.