வழிபாட்டொலியும் ஈழத்துச் சட்டமும்

இறைவழிபாட்டில் ஒலி பெறும் இடம் தொன்மையானது. சைவாலயத்திற் கண்டாமணியும் மங்கல வாத்தியமும், விகாரையிற் பிரித் ஓதலும், கிறித்தவ ஆலயத்தில் மணியோசையும், பள்ளிவாசலிற் பாங்கொலியும் அடியாரை ஒருங்கழைப்பன. எனினும், ஒருவர்க்கு அருளொலியாவது அயலார்க்கு இரைச்சலாதலும் உண்டு. இச்சிக்கலை ஈழநாடு எவ்வாறு தீர்க்க முயன்றது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

நகரங்களில் மேளம் முழக்குதற்கு உத்தரவுச்சீட்டுப் பெறல்வேண்டுமென 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆகவே, ஊர்வலத்தின் வாத்தியம் எங்கே ஒலிக்கலாம், எங்கே அடங்கவேண்டும் எனத் துணியும் பொறுப்பு அதிகாரிகளைச் சார்ந்தது. அஃது எளிய பொறுப்பன்று. 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையிற் புனித லூசியாள் ஆலயத்துக்கு அண்மையில் தாக்கப்பட்டது. கத்தோலிக்கரின் பெருநாளும் பௌத்தரின் வாத்தியமும் ஓரிடத்து எதிர்ப்பட, வதந்திகள் பகையை மூட்டின.

கம்பளையில் எழுந்த வழக்கு இதனினும் பெரிய விளைவுடையது. வலகாகொடைத் தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலொன்றைக் கடக்கையில் வாத்தியங்களை நிறுத்தல்வேண்டுமென அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை தம் சமய உரிமையைக் காக்கின்றதெனத் தேவாலயத்தார் வழக்காடினர். 1914இல் மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர்கட்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டிப் பள்ளிவாசலொன்றன் முன் மூண்ட கலகம் ஐந்து மாகாணங்களிற் பரவிற்று. இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் வாதாடினார். வணிகப் போட்டியும் விலையேற்றமும் அக்கலகத்துக்கு வித்தாயின. எவருடைய ஒலி எவர்க்கு அடங்கவேண்டும் என்னும் வினா அவ்வித்துக்கு நீர் வார்த்தது.

92 ஆண்டுகளின் பின் அவ்வினா புதிய வடிவிற் தோன்றியது. வெலிகமைப் பள்ளிவாசலொன்றன் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், 2007 நவம்பர் 9ஆம் நாள் உயர் நீதிமன்றம் கட்டளையொன்று பிறப்பித்தது. இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது. ஏனைய நேரங்களிலும் ஒலி அவ்வவ்விடத்தின் எல்லையைக் கடத்தலாகாது. சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு அயலில் வாழ்வோரின் கருத்தறிந்தே விலக்களிக்கலாம். இவ்விதி எல்லாச் சமயத்தார்க்கும் ஒருபடித்தானது.

‘எவருடைய ஒலி?’ என வினவிய காலத்துக் குருதி சிந்திற்று. ‘எத்துணை ஒலி, எந்நேரத்தில்?’ என வினவியபோது யாவர்க்கும் பொதுவான விதியொன்று கிடைத்தது. இவ்வரலாறு புகட்டும் பாடம் இதுவே.

சைவரும் இதனைத் தம்மேற் கொண்டு நோக்குதல் தகும். ஒலிபெருக்கி ஆகமம் விதித்த கருவியன்று. அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது. கல்லாலின்கீழ் மௌனத்தால் மெய்ப்பொருளுணர்த்திய தட்சிணாமூர்த்தியை வழிபடுவோர், அயலில் நோயுற்றுக் கிடப்பார் பொருட்டும், பரீட்சைக்குப் படிப்பார் பொருட்டும் ஒலியைத் தணிப்பதனாற் பத்தி சிறிதும் குறைபடாது.