இசைத்தட்டும் ரசிகர் தீர்ப்பும்

பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நான்கரை நிமிஷமே பாடும். பத்து அங்குலத் தட்டோ மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற அந்த அரக்குத் தட்டுகளின் காலத்தில் ஐரோப்பிய சங்கீதத்தின் நெடிய உருப்படிகள் எல்லாம் இந்தக் குறுகிய அளவுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தபடியால், கம்பெனியார் ஒரு ஸிம்பொனியின் நடுவில் கத்திரி வைத்தும், நால்வர் சேர்ந்து வாசிக்கும் நரம்புவாத்திய உருப்படியில் ஓர் அங்கத்தை மாத்திரம் பிரித்தெடுத்தும் விற்றுவந்தார்கள். ஓடியன் கம்பெனி 1909-ல் சைக்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ தொகுப்பை நான்கு தட்டுகளில் வெளியிட்டதும், 1913-ல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் வாத்தியக் குழுவைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாம் ஸிம்பொனியை எட்டுப் பக்கங்களில் பதிவு செய்ததும் விதிவிலக்குகளே. தாம் வாங்கும் தட்டில் எது விடப்பட்டது, எது சிதைந்தது என்பதை அறிய வாங்குபவருக்கு வழி கிடையாது. எல்லாத் தட்டுகளையும் ஒரே சுருதியில் புகழ்ந்த விளம்பரங்களே அவருக்குக் கிடைத்த வழிகாட்டி.

இந்த நிலைமையை மாற்றியவர் சங்கீத வித்துவான் அல்லர், ஒரு நாவலாசிரியர். கால்வாய்த் தீவுகளில் ஒன்றில் வசித்துவந்த காம்ப்டன் மெக்கன்ஸி, நடுவயதை நெருங்கும் பருவத்தில் ஒரு கிராமபோனை வாங்கி, ஷூமானின் ஐவர் உருப்படியைத் தட்டில் கேட்டு, அதன் மூலமாகவே பெரிய சங்கீதத்தின் வாசலைக் கண்டவர். 1922-ல் அவர் இதுபற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுத, தம்மைப்போலவே தட்டுகளை வாங்கித் தனிமையில் கேட்டு, அபிப்பிராயம் சொல்ல ஆளின்றித் தவித்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள் என்பது அவருக்கு வந்த கடிதங்களால் தெரிந்தது. அதன் பயனாக 1923 ஏப்ரலில், தம் மனைவியின் சகோதரர் கிறிஸ்டோபர் ஸ்டோனின் துணையோடு, ‘தி கிராமபோன்’ என்ற மாதப் பத்திரிகையை அவர் தொடங்கினார். அந்தந்த மாதம் வெளிவந்த தட்டுகளைக் கேட்டு, இது கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என்று எழுதுவதே அதன் பிரதான காரியம்; நாடகசங்கீதம், நரம்புவாத்தியம், நடன இசை என ஒவ்வொரு வகையும் தனித்தனியே பரிசீலிக்கப்பட்டது.

ஆயினும் என் மனத்தைக் கவர்வது விமர்சகர்களின் எழுத்தைவிட வாசகர் கடிதங்களே. எஃகு ஊசியா, மூங்கில் நாரில் செய்த ஊசியா என்ற ஒரே கேள்வியைப் பற்றி இரு கட்சியாரும் மதவாதிகளின் ஆவேசத்தோடு வாதாடினார்கள். எஃகு நாதத்தைக் கம்பீரமாக எழுப்பும், ஆனால் தட்டின் பள்ளத்தைத் தேய்க்கும். மூங்கில் தட்டைக் காக்கும், ஆனால் நாதத்தை மழுக்கும். அற்ப விஷயமென்று இதைத் தள்ளிவிட முடியாது. தாம் எதைக் கேட்கிறோம், கருவி அதில் எவ்வளவைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது என்று ஆராயும் பழக்கம் சாதாரண மனிதர்களிடையே பிறந்தது இந்த வாதங்களில்தான்.

பேச்சு பேச்சாகவே நின்றுவிடவில்லை. கம்பெனிகள் முழு உருப்படிகளைப் பதிவுசெய்யத் தயங்கியபோது, மெக்கன்ஸி தம் வாசகர்களிடமே சந்தா திரட்டி ‘நேஷனல் கிராமபோனிக் சொஸைட்டி’யை அமைத்து, 1924-ல் பீத்தோவனின் ‘ஹார்ப்’ என்ற நால்வர் உருப்படியை ஸ்பென்ஸர் டைக் குழுவினர் வாசிக்க வெளியிட்டார். ஷோன்பெர்க்கின் ‘உருமாறிய இரவு’ முதன்முதலில் தட்டேறியதும் இந்தச் சங்கத்தாரின் முயற்சியால்தான். அதே யுக்தியை 1931-ல் வால்டர் லெக் என்ற இளைஞர் ஹெச். எம். வி. கம்பெனிக்குள் கொண்டுவந்து, ஐந்நூறு பேர் முன்பணம் கட்டினால் ஹ்யூகோ வுல்ஃபின் பாடல்களைப் பதிவுசெய்வது என்ற ஏற்பாட்டைச் செய்தபோது, அந்த ஐந்நூறில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஜப்பானியர்களாயிருந்தது வியப்பூட்டும் செய்தி. அடுத்த ஆண்டு தொடங்கி ஆர்தர் ஷ்னாபெல் வாசித்த பீத்தோவனின் முப்பத்திரண்டு பியானோ ஸொனாட்டாக்களும் இவ்விதச் சந்தாவினாலேயே வெளிவந்தன. யாரும் வாங்க மாட்டார்கள் என்று வியாபாரிகள் கருதிய சங்கீதத்தை, வாங்குவோம் என்று ரசிகர்கள் முன்கூட்டியே சொன்னபடியால்தான் உலகம் பெற்றது.

இ. எம். ஜி. என்ற லண்டன் கடையையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. காகிதக் கூழால் செய்த மிகப் பெரிய குழல்களோடு கூடிய கிராமபோன்களைக் கையால் செய்து விற்ற அந்தக் கடையார், 1930 முதல் புதுத்தட்டுகளைப் பற்றி மாதந்தோறும் ஒரு மடல் வெளியிட்டார்கள். தாங்களே விற்கும் சரக்கைப் பற்றி, இதன் பதிவு மோசம், வேறொன்று வரும்வரை பொறுங்கள் என்று வாடிக்கைக்காரர்களுக்கு எழுதிய அந்த நேர்மையை விமர்சனத் தொழிலின் உச்சமென்றே நான் மதிக்கிறேன்.

ஜாஸ் ரசிகர்கள் செய்த தொண்டு வேறு விதமானது. அந்தத் தட்டுகளில் குழுத் தலைவரின் பெயர் மாத்திரம் இருக்கும். சில வேளை அதுவும் புனைபெயர். டிரம்பெட்டை ஊதியவர் யார், கிளாரினெட் யாருடையது என்பதைக் காதால் கேட்டு, கேட்டதை ஒருவருக்கொருவர் எழுதி, ஒப்பிட்டு, திருத்தி, கறுப்பினக் கலைஞர்கள் பலரின் பெயரை மறதியிலிருந்து மீட்டவர்கள் அவர்களே. ஓவியத் தம்பதியரின் புதல்வரான சார்ல்ஸ் டெலோனே இவ்விவரங்களைத் திரட்டி 1936-ல் பாரிஸில் நூலாக வெளியிட்டார். நியூயார்க்கில் கமடோர் என்ற தட்டுக்கடை வைத்திருந்த மில்ட் கேப்ளர், கிடைக்காமற்போன பழைய பதிவுகளை மறுபடி அச்சிட்டபோது வாத்தியக்காரர் அனைவருடைய பெயரையும் தட்டின் மேலேயே பொறித்தார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அமெரிக்கத் தட்டுகளைப் பற்றி எழுதிவந்த ஜான் ஹாமண்ட், விமர்சகராயிருந்தே பதிவாளரானார். மார்க்கெட் இழந்து ஒதுங்கியிருந்த பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை 1933 நவம்பரில் கடைசியாகப் பாடவைத்துப் பதிவு செய்தவர் அவர்தான். டெலோனேயின் நூலோ, ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த 1943-லும் புதிய பதிப்புக் கண்டது.