ஹைபிரிடா, பெட்ரோலா? ஒரு கணக்கின் வரலாறு

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் காரைத்தான் ஹைபிரிட் கார் என்கிறோம். இது ஏதோ நேற்று வந்த யோசனை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் போர்ஷே இப்படி ஒரு வண்டியைச் செய்து பார்த்துவிட்டார்! பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், அந்த மின்சாரம் சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சாதாரண பெட்ரோல் கார்களே மலிவாகவும் எளிமையாகவும் ஆகிவிட்டதால், அந்த யோசனை பல பத்தாண்டுகள் தூங்கியது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரையஸ்தான் அதை எழுப்பியது.

பிரையஸ் ஹைபிரிடாக மட்டுமே விற்கப்பட்ட கார். எனவே அதை நேருக்கு நேர் ஒப்பிட ஜோடி இல்லை. 2002-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அதே சிவிக், அதே கடை, ஆனால் இரண்டு விலை! 2006-இல் டொயோட்டா கேம்ரியும் இப்படியே இரண்டு வகையாகக் கிடைத்தது. வாங்க வந்தவர் பேனாவும் காகிதமும் எடுக்க வேண்டியதாயிற்று.

கணக்கு எளிமையானதுதான். ஹைபிரிடுக்கு 3,000 டாலர் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறார். பெட்ரோல் கார் கேலனுக்கு 30 மைலும், ஹைபிரிட் 40 மைலும் தருகின்றன. அப்படியானால் ஹைபிரிடில் வருடத்துக்கு 100 கேலன் மிச்சம். கேலன் 2 டாலர் என்றால் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வர 15 வருடம் ஆகும். 4 டாலர் என்றால் ஏழரை வருடம் போதும்.

ஆனால் இந்தக் கணக்கில் எந்த எண்ணும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலாவது, அரசின் சலுகை. 2005-இல் அமெரிக்கா இயற்றிய எரிசக்திச் சட்டத்தின்படி, 2006 முதல் ஹைபிரிட் வாங்குவோருக்கு வரிச்சலுகை கிடைத்தது. கேம்ரி ஹைபிரிடுக்கு முதலில் 2,600 டாலர். மேலே போட்ட கணக்கில் இதைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 400 டாலர்! ஆனால் ஒரு நிறுவனம் 60,000 வண்டிகள் விற்றதும் சலுகை படிப்படியாகக் குறையும் என்பது விதி. டொயோட்டா வாகனங்களுக்கு 2007 செப்டம்பரோடு அது முடிந்துவிட்டது.

இரண்டாவது, பெட்ரோல் விலை. 2008 ஜூலையில் கேலன் 4 டாலரைத் தாண்டியது. அதே வருட டிசம்பரில் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. ஆறே மாதத்தில் கணக்கு தலைகீழ்!

மூன்றாவது, மைலேஜ். 2008 மாடல் முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதனை முறையைக் கடுமையாக்கியது. நகரத்தில் 60 மைல் தரும் என்று சொல்லப்பட்ட பிரையஸ் புதிய முறையில் 48 ஆனது. கார் மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

நிபுணர்களுக்கும் இந்தக் கணக்கு சறுக்கியது. 2006-இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ், தான் ஆராய்ந்த 6 ஹைபிரிட்களில் ஒன்றுகூட கூடுதல் செலவை ஈட்டித் தராது என்று எழுதியது. பிறகு, தேய்மானக் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதாகக் கூறி, வரிச்சலுகையையும் சேர்த்தால் பிரையஸும் சிவிக் ஹைபிரிடும் லாபமே என்று திருத்தம் வெளியிட்டது.

இவ்வளவுக்கும் நடுவே மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கே ஓட்டுகிறோம் என்பது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை ஹைபிரிட் மின்சாரமாக்கி பேட்டரியில் சேமிக்கிறது. ஆகவே நின்று நின்று போகும் நகரப் பயணத்தில்தான் அதற்கு உண்மையான வெற்றி. நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுபவருக்கு அந்த நன்மை குறைவு. விலைச்சீட்டைவிட நம் தினசரிப் பாதையைப் பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த புதிய கேம்ரி, ஹைபிரிடாக மட்டுமே வந்தது. வாங்குபவர்கள் இருபது வருடமாகப் போட்டுப் பார்த்த கணக்கை, கேம்ரியைப் பொறுத்தவரை, தயாரித்தவர்களே முடித்துவைத்துவிட்டார்கள். கணக்கு லாபமா நட்டமா என்று தெரியாத நாட்களிலேயே துணிந்து கூடுதல் பணம் கொடுத்தார்களே, அந்த ஆரம்பகால வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டுதானே?