44,100 - இந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

ஊர்லேர்ந்து திரும்பும்போது ஊறுகாய் பாட்டிலோட எம்பி3 சிடியும் கட்டிக்கிட்டு வந்த ஆளுங்க நாம. ஒரே சிடியில நூறு பாட்டுக்கு மேல இருக்கும். ஆனா ஒரிஜினல் ஆடியோ சிடியில 74 நிமிஷம்தான். எப்படி இவ்வளவு அடைச்சாங்க? அதுல எது போச்சு? கொஞ்சம் வரலாறு பார்ப்போமா?

1982 அக்டோபர்ல சோனி ஜப்பான்ல முதல் சிடி ப்ளேயரை வித்துச்சு. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த கணக்குப்படி, சிடியில ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுவாங்க. நம்ம காதுக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேக்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல அளந்தா போதும். சரி, அதென்ன 44,100? அப்போ டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினாங்க. படத்தோட ஒரு கோட்டுக்கு மூணு அளவு. ஜப்பான், அமெரிக்கா முறையில 245 x 60 x 3. ஐரோப்பா முறையில 294 x 50 x 3. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, ஒரே விடை :-)

இப்படிப் பதிஞ்சா ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பி ஆகும். இதைச் சுருக்க ஜெர்மனியில ஃப்ரான்ஹோஃபர் ஆட்கள் ஒரு வழி பண்ணினாங்க. சத்தமான ஒலி வரும்போது பக்கத்துல இருக்கிற மெல்லிய ஒலி காதுல விழாது. அதைத் தூக்கிடு! கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இதைச் சோதிக்க, சுசான் வேகா வாத்தியமே இல்லாம பாடின 'டாம்ஸ் டைனர்' பாட்டை எடுத்தார். முதல்ல அந்தக் குரல் கெட்டுப்போய் வந்துச்சு. அது சரியாகிற வரைக்கும் திருத்தினாங்க. 1993ல தரமுறை வெளியாச்சு. 1995ல எம்பி3ங்கிற பேரு வந்துச்சு.

விநாடிக்கு 128 கிலோபிட்னா சிடியில இருக்கிறதுல பதினொண்ணுல ஒரு பங்குதான். பஸ்ல கேக்க அது போதும். ஆனா ஜால்ரா, கஞ்சிரா மாதிரி சட்டுனு விழுற அடியெல்லாம் மழுங்கிடும். தூக்கிப்போட்டது திரும்ப வராது. 128ஐ 320 ஆக்கினா ஃபைல்தான் பெருசாகும், ஒலி அதேதான்.

இதை ஏன் சொல்றேன்னா, வீட்டுல பழைய கேசட் இருக்கும். பாட்டி பாடினது, கல்யாண நாதஸ்வரம், அப்பா பேசி அனுப்பின டேப்... கேசட்டும் நாளாக நாளாகக் கெட்டுடும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நேரா எம்பி3 ஆக்காதீங்க. முதல்ல வேவ் ஃபைலா பதிஞ்சு வைங்க. இல்லைன்னா 2001ல வந்த ஃப்ளாக். எதையும் இழக்காம சுருக்கும். அதுலேர்ந்து போனுக்கு ஒரு எம்பி3 எடுத்துக்கலாம். கடைப்பாட்டு எங்கேயும் கிடைக்கும், பாட்டி குரல் அந்த ஒரு கேசட்லதான் இருக்கு.