பூனைகளில் ஈப்புழுப் புண்

ஈக்களின் புழுக்கள் உயிருள்ள விலங்கின் தோலிலும் தசையிலும் வளர்வதே ஈப்புழு நோய். தென்னாசியாவில் ஆடுமாடுகளுக்கும் நாய்களுக்கும் புண்ணில் புழு வைப்பது சாதாரணம். பூனைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. ஓயாமல் உடலை நக்கித் துடைக்கும் பழக்கமே அதற்குக் காப்பு. ஆகவே ஒரு பூனைக்குப் புழு வைத்திருக்கிறது என்றால், நாக்கு எட்டாத இடத்தில் புண் இருக்க வேண்டும், அல்லது நக்கும் வலுவையே அது இழந்திருக்க வேண்டும். கடுவன்களின் சண்டையில் தலையிலும் கழுத்திலும் பட்டுச் சீழ் பிடித்த கடிகாயம், பிறந்த குட்டியின் ஈரத் தொப்புள், வண்டி மோதி இடுப்பு விழுந்த பூனையின் பின்புறம், கழிச்சலில் நனைந்து சடை பிடித்த பாரசீகப் பூனையின் மயிர் ஆகியவற்றை ஈக்கள் தேடி வருகின்றன. புழுவை மட்டும் எடுத்துவிட்டு, அதற்கு இடம் கொடுத்த கேட்டைத் தேடாமல் விட்டால் மறுபடியும் புழு வைக்கும்.

புழு அழுகிய சதையைத்தான் தின்னும், விட்டுவிட்டால் புண் தானே சுத்தமாகும் என்று சொல்வோர் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. லூசிலியா செரிகாட்டா என்னும் ஈயின் புழுக்களை மனிதரின் ஆறாப் புண்களுக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அவை கிருமி நீக்கி வளர்க்கப்பட்டு, அளவாக வைக்கப்பட்டு, சில நாட்களில் அகற்றப்படுபவை. தெருவில் பறக்கும் ஈயிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அதிலும் இந்தியாவில் காணப்படும் கிரைசோமையா பெசியானா என்னும் ஈயின் புழு உயிர்த்தசையைத் தின்றே வளர்வது. பெண் ஈ புண்ணின் ஓரத்தில் 100க்கு மேற்பட்ட முட்டைகளை ஒட்டுகிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிகின்றன. மூச்சுத்துளைகள் பின்முனையில் இருப்பதால் புழுக்கள் தலையை உள்ளே புதைத்து, சுமார் ஒரு வாரம் குடைந்து தின்ற பிறகே மண்ணில் விழுகின்றன. வெளியே சிறு துளையாகத் தெரியும் புண் உள்ளே பெரும் பொந்தாக இருப்பது இதனால்தான்.

மாட்டுப் புண்ணில் டர்பன்டைனும் கற்பூரமும் இட்டால் புழு வெளியே வருகிறதே, பூனைக்கு ஏன் கூடாது என்ற கேள்வி நியாயமானது. வருவது மெய்தான். ஆனால் பூனையின் கல்லீரலில் இத்தகைய பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. கறுப்புப் பினாயிலில் உள்ள ஃபீனால் சேர்மங்களுக்கும் இது பொருந்தும். மேலே பூசியதை நக்கி விழுங்குவதும் பூனைதான். நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்து பட்டாலே அதற்கு நடுக்கமும் வலிப்பும் வரும். புழுவுக்குத் தப்பிய பூனை மருந்தால் சாவது எளிதில் தவிர்க்கக்கூடிய கொடுமை. மயிரை மழித்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, உப்புநீரால் கழுவி, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுப்பதே பாதுகாப்பான வழி. தெள்ளுப்பூச்சிக்கான நைட்டன்பைரம் மாத்திரையையும் மருத்துவர்கள் இதற்குத் தருகிறார்கள். சில மணி நேரத்தில் எஞ்சிய புழுக்கள் மடிகின்றன. மயிரில் ஒட்டிய முட்டைகள் பிறகும் பொரியக்கூடும். அதனால் மறுநாளும் புண்ணைத் திறந்து பார்த்து, ஆறும்வரை பூனையை ஈ அண்டாத அறையில் வைத்திருக்க வேண்டும்.