படுக்கையருகே தொடங்கிய பரீட்சை

கலிபோர்னியாவின் பிளசன்டனிலும் அதனை அடுத்த டப்ளின், லிவர்மோர் நகரங்களிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை மருத்துவம் பயிலத் தொடங்கிவிட்டால் பேச்சு பெரும்பாலும் ‘ஸ்டெப்’ என்பதில் வந்து நிற்கும். மருத்துவத் தொழில் புரியும் உரிமத்திற்காக அமெரிக்காவில் தேறியாக வேண்டிய யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் மூன்று படிகளுக்கும் அதுவே பெயர். இத்தேர்வில் கைகொடுப்பது ஏட்டுப் படிப்போ, வார்டுப் பயிற்சியோ என்னும் வாதத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

கலிபோர்னியா மாநிலம் மருத்துவ உரிமச் சட்டத்தை 1876ஆம் ஆண்டிலேயே இயற்றிற்று. மாநிலத்துக்கு மாநிலம் தேர்வு வேறுபட்டமையால், நாடெங்கும் ஏற்கத்தக்க பொதுத் தேர்வொன்றை அமைக்கும் நோக்கத்துடன் 1915இல் தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம் தோன்றியது. 1916 அக்டோபரில் வாஷிங்டனில் அது நடத்திய முதல் தேர்வு ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. விடை எழுதுவதோடு அமையாமல், ஆய்வுக்கூடத்தில் செய்முறை காட்டவும், மெய்யான நோயாளியைப் பரிசோதித்துத் தம் முடிவுக்குக் காரணம் கூறவும் மாணாக்கர் கடமைப்பட்டிருந்தனர். தேர்வுக்கு அமர்ந்தோர் பதின்மர், தேறியோர் ஐவர்.

அம்முறை சுமார் அரை நூற்றாண்டு நிலைத்தது. ஆனால் ஒரே மாணாக்கரைச் சோதித்த இரு தேர்வாளரின் மதிப்பெண்கள் ஒத்துவாராமை கண்ட வாரியம், 1950களில் கொள்குறி வினாக்களைப் புகுத்தி, 1960களின் முற்பகுதியில் படுக்கையருகுத் தேர்வை நீக்கியது. நடுநிலைமை வேண்டி எடுத்த முடிவு அது. எனினும் மருத்துவனின் விரலையும் செவியையும் காகிதம் சோதிக்கவல்லதன்று.

அந்தக் காலத்திலேதான் நம்மவர் இங்கு வரலாயினர். வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்க்கான தேர்வு 1958இல் தொடங்கியது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்க்கு வாயிலை அகலத் திறந்தது. 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி முதலியவற்றில் பயின்று வந்த அவர்கள், நெரிசல் மிகுந்த பொது வார்டுகளில் நின்று கற்று, இறுதியாண்டில் ‘லாங் கேஸ்’, ‘ஷார்ட் கேஸ்’ என நோயாளிகளைப் பரிசோதித்துத் தேறி, ஹவுஸ் சர்ஜன்களாக இரவுபகல் உழைத்தவர்கள். அமெரிக்கா கைவிட்ட சம்பிரதாயத்தில் பழகிய கைகள் அவர்களுடையவை.

இழந்ததை மீட்கும் முயற்சியும் பின்னர் நிகழ்ந்தது. நோயாளியாக நடிக்கப் பயின்றவரைக் கொண்டு மாணாக்கரைச் சோதிக்கும் உபாயத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் பேராசிரியர் வகுத்திருந்தார். 1998இல் அது வெளிநாட்டு மருத்துவர்க்கும், 2004இல் இந்நாட்டு மாணாக்கர்க்கும் கட்டாயமாயிற்று. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரியில் அறவே கைவிடப்பட்டது.

ஆகவே தேர்வு மீண்டும் முற்றிலும் கணினித் திரைக்கே வந்துவிட்டது. ஆயினும் திரையில் தோன்றும் வினாக்களிற் பெரும்பாலானவை ஒரு நோயாளியின் கதையாகவே அமைந்துள்ளன. நெஞ்சுவலியோடு வந்தவர் பலரை நேரிற் கண்ட மாணாக்கர், அக்கதையில் எக்குறி முக்கியம், எது புறக்கணிக்கத்தக்கது என்பதை விரைவில் உணர்கிறார். இவ்வுண்மையை உணர்ந்தே, நம் வளைகுடாப் பகுதியிலுள்ள சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள், வார்டுக்குச் செல்லுமுன் எழுதிவந்த முதற்படித் தேர்வை வார்டுப் பயிற்சிக்குப் பின்னதாக மாற்றின; அவ்வாறு மாற்றிய கல்லூரிகளை ஆராய்ந்தோர், தவறியோர் விகிதம் குறைந்தமை கண்டனர். இதற்கு ஒரு வரம்பும் உண்டு: ஒரு வார்டில் எல்லா நோயும் வருவதில்லை; கண்டதை நூலோடு ஒப்பிட்டுச் சிந்தியாதவருக்கு அனுபவம் வெறும் களைப்பாகவே முடியும்.

தேர்வு பலமுறை வடிவம் மாறியபோதும், அதற்கு மாணாக்கரைத் தகுதியாக்கும் இடம் மாறவில்லை. கலிபோர்னியச் சட்டமும் இன்று தேர்வோடு திருப்தியுறாமல், மருத்துவமனைப் பயிற்சியையும் நிறைவு செய்தாக வேண்டுமென விதிக்கிறது. ஆதலால் பிளசன்டன் பெற்றோர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது: வார்டில் கழியும் மாதங்களை, வினாத்தொகுப்பைப் படிக்க விடாமல் தடுக்கும் இடையூறாக எண்ணாதீர்கள், தேர்வுக்கும் அதன்பின் வரும் வாழ்நாள் முழுமைக்கும் உரிய பாடம் அங்கேதான் நடக்கிறது.