இங்கிலாந்தில் வீட்டுமுறைக் குழந்தைப் பராமரிப்பு

இங்கிலாந்தில் வீட்டுமுறைக் குழந்தைப் பராமரிப்பு என்பது பிறருடைய குழந்தைகளைக் கைம்மாறு பெற்றுக்கொண்டு குடியிருப்பு வீட்டில் வைத்துக் கவனிக்கும் தொழிலாகும். இத்தொழிலைச் செய்பவர் சைல்டுமைண்டர் (குழந்தை காப்பாளர்) எனப்படுகிறார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இவ்வாறு பராமரிப்பவர், அரசின் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ குழந்தை காப்பாளர் முகமை ஒன்றிலோ பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாதவருக்கு ஆஃப்ஸ்டெட் தடை அறிவிப்பு அனுப்பலாம். அதன் பின்னும் தொழிலைத் தொடர்வது குற்றமாகும். ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளான ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றில் வேறு விதிகள் உள்ளன.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் சிலர் பணத்துக்காகக் கைக்குழந்தைகளை ஏற்றுக்கொண்டு, அவற்றைப் பட்டினியாலும் புறக்கணிப்பாலும் சாகவிட்டனர். இக்குற்றத்துக்காக 1870இல் மார்கரெட் வாட்டர்சு என்பவர் தூக்கிலிடப்பட்டார். இதன் விளைவாக 1872இல் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பகல்நேரக் காப்பாளர்களுக்கான பதிவு முறையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2001 வரை உள்ளாட்சி அமைப்புகளிடம் இருந்த இப்பொறுப்பு அவ்வாண்டில் ஆஃப்ஸ்டெட்டுக்கு மாற்றப்பட்டது. இப்போதைய விதிகளுக்கு 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் அடிப்படையாகும்.

பதிவு நிபந்தனைகள்

விண்ணப்பதாரரும், அவ்வீட்டில் வாழும் 16 வயதுக்கு மேற்பட்டோரும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். காப்பாளர் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு காப்பாளர் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கை பொதுவாகப் பின்வருமாறு:

* எட்டு வயதுக்குட்பட்டோர்: அதிகபட்சம் 6 பேர்
* அவர்களுள் பள்ளி வயதை எட்டாத சிறுவர்: அதிகபட்சம் 3 பேர்
* அவர்களுள் ஒரு வயது நிரம்பாதோர்: 1 குழந்தை

காப்பாளரின் சொந்தக் குழந்தைகளும் இக்கணக்கில் சேர்வர். உடன்பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுதல் போன்ற சில சூழல்களில் இவ்வரம்பு தளர்த்தப்படலாம்.

விலக்குகளும் பகிர்வு முறையும்

பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பதிவு தேவையில்லை. மாலை 6 மணி முதல் அதிகாலை 2 மணி வரை மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் விலக்கு உண்டு.

நானி எனப்படும் வீட்டு ஆயா, குழந்தையின் வீட்டிலேயே பணிபுரிபவர். செலவைக் குறைக்க இரண்டு குடும்பங்கள் ஒரே ஆயாவை அமர்த்திக்கொள்வதுண்டு. இரு குடும்பங்களில் ஒன்றின் வீட்டில் அவர் பணிபுரியும்வரை பதிவு கட்டாயமில்லை. மூன்றாவது குடும்பம் ஒன்று ஒரே நேரத்தில் சேருமானால் அவர் குழந்தை காப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே இங்கு எல்லையை வகுப்பது குழந்தைகளின் எண்ணிக்கையன்று, குடும்பங்களின் எண்ணிக்கையே ஆகும்.

பதிவு கட்டாயமில்லாத ஆயா விரும்பினால் தன்னார்வப் பிரிவில் பதியலாம். 2017இல் தொடங்கிய வரிச்சலுகைக் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் உதவியைப் பெற்றோர் பெற, பராமரிப்பாளர் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும் என்பதால் பலர் இவ்வாறு பதிகின்றனர்.

2009ஆம் ஆண்டுச் சர்ச்சை

2009இல், பணிநேரத்தைப் பகிர்ந்துகொண்ட இரு பெண் காவலர்கள் ஒருவர் குழந்தையை மற்றவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டனர். பணம் எதுவும் கைமாறவில்லை. எனினும், ஒருவர் பெறும் இலவசப் பராமரிப்பே மற்றவருக்கான கைம்மாறு எனக் கருதிய ஆஃப்ஸ்டெட், அவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. இதற்குப் பரவலான எதிர்ப்பு எழுந்தது. நண்பர்களுக்கிடையேயான இத்தகைய பரிமாற்றத்துக்கு விலக்கு அளிக்கப்படும் என அரசு அவ்வாண்டே அறிவித்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக எழுந்த சட்டம் குடும்பங்களின் தனிப்பட்ட ஏற்பாடுகளில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்னும் கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.